காலநிலைப் பொருளாதாரத்தில் முனைவர் ஆய்வு: தலைப்பை விடுங்கள், ஒரு எண்ணைப் பிடியுங்கள்

கேள்வி இது: “பொருளாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டேன். காலநிலை மாற்றத்தின் பொருளாதாரத்திலும் சுற்றுச்சூழல் கொள்கையிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விருப்பம். ‘காலநிலை மாற்றம் வேளாண்மையைப் பாதிக்கும் விதம்’ என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன். இது போதுமா? கணிதம் எவ்வளவு தெரிய வேண்டும்? இந்தத் துறையில் புதிதாகச் செய்ய இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா?”

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மிச்சம் ஏராளமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் தலைப்பைப் பார்த்தால் அது தெரியாது. அது நூலக அலமாரியில் ஒட்டும் சீட்டு மாதிரி. அந்தச் சீட்டுக்குக் கீழே ஆயிரம் கட்டுரைகளை அடுக்கலாம். ஆயிரத்தோராவது கட்டுரையில் என்ன எழுதுவது என்று அது சொல்லாது.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். இந்தத் துறையில் எல்லாரும் எடுத்தாளும் ஒரு எண்ணைப் பிடியுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று வேர் வரை தோண்டிக்கொண்டே போங்கள். வழியில் எங்கோ ஓரிடத்தில் யாரோ “இப்படி வைத்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஓர் ஆய்வேடு புதைந்து கிடக்கும்.

190 டாலர் என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 2020இல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறினால், அதனால் உலகத்துக்கு இனி வரும் காலம் முழுவதும் ஏற்படும் சேதத்தின் இன்றைய மதிப்பு எவ்வளவு? கார்பனின் சமூகச் செலவு என்பார்கள் இதை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 இறுதியில் இதற்குச் சொன்ன விடை 190 டாலர். அதற்குச் சற்று முன்புவரை அதே அரசு இடைக்காலமாகப் பயன்படுத்திய எண் 51 டாலர். மூன்று வருடத்துக்குள் பூமி கிட்டத்தட்ட நான்கு மடங்கு மோசமாகிவிடவில்லை, கணக்கு மாறியது. சேதக் கணக்கையும் புதுப்பித்தார்கள், உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தவற்றில் ஒன்று, தள்ளுபடி வீதத்தை 3%இலிருந்து 2%க்கு இறக்கியது. அதே அறிக்கையில் 2.5% என்று வைத்தால் விடை 120 டாலர், 1.5% என்று வைத்தால் 340 டாலர்.

தள்ளுபடி வீதம் என்பது எதிர்காலத்துப் பணத்தை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் வீதம். நூறு வருடம் கழித்து வரப்போகும் 10 லட்சம் டாலர் சேதத்தை 1.4% வீதத்தில் சுருக்கினால் இன்று சுமார் இரண்டரை லட்சம் டாலர். 4% வீதத்தில் சுருக்கினால் 20 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2006இல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கை கிட்டத்தட்ட அந்த 1.4%ஐப் பயன்படுத்தி, உடனே பெரிய அளவில் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்றது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் சந்தையில் கிடைக்கும் வருவாய் வீதத்தோடு ஒத்துப்போகிற, அதைவிட மிக உயர்ந்த வீதத்தை வைத்து, மெதுவாகத் தொடங்கிப் போகப்போக இறுக்கலாம் என்றார். இருவரும் எடுத்துக்கொண்ட அறிவியல் ஏறக்குறைய ஒன்றுதான். இருவரும் பயன்படுத்திய சூத்திரமும் ஃபிராங்க் ராம்சே 1928இல் எழுதியதுதான். அதற்குள் இரண்டு விஷயங்கள் உண்டு: பின்னால் பிறப்பவர்களின் நலனைப் பின்னால் பிறந்த காரணத்துக்காகவே எவ்வளவு குறைத்து மதிப்பது, அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்களாக இருப்பார்கள் என்பதற்காக எவ்வளவு குறைப்பது. முதல் விஷயத்துக்கு ஸ்டெர்ன் வைத்தது 0.1%. மனித இனமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக மட்டும் அந்தச் சிறு தொகை. நார்ட்ஹாஸ் வைத்தது 1.5%.

இதில் ஆய்வு செய்யலாமா என்றால், தத்துவமும் கோட்பாட்டுக் கணிதமும் இரண்டும் கைவந்தவராக இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் படித்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. இங்கே தரவு வந்து தீர்த்துவைக்கக்கூடிய சண்டை குறைவு. முனைவர் ஆய்வின் நாலைந்து வருடத்தை அதில் பந்தயம் கட்டுவது ஆபத்து.

எனக்கு அதைவிட வளமாகத் தெரிவது சேதச் சார்பு. வெப்பநிலை இவ்வளவு உயர்ந்தால் பொருளாதாரம் இவ்வளவு இழக்கும் என்று சொல்லும் சமன்பாடு. காலநிலையையும் பொருளாதாரத்தையும் ஒன்றாகக் கணக்கிடும் நார்ட்ஹாஸின் டைஸ் மாதிரியில் அது வெப்ப உயர்வின் வர்க்கத்தோடு வளர்கிறது. 2016 பதிப்பின்படி 3 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் உலக உற்பத்தியில் சுமார் 2.1% இழப்பு. 6 டிகிரிக்குச் சுமார் 8.5%. கடைசிப் பனியூழியின் உச்சத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் இடையே உலக சராசரி வெப்பநிலையில் இருந்த வித்தியாசமே சுமார் 5, 6 டிகிரிதான். அத்தனை பெரிய மாற்றத்துக்கு எட்டரை சதவீதம்தானா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். கேட்டார்கள். ஏன் வர்க்கம் (இரண்டாம் படி), ஏன் கனம் (மூன்றாம் படி) ஆக இருக்கக்கூடாது என்ற கேள்விக்கு வலுவான அனுபவ ஆதாரம் அந்த மாதிரிகள் கட்டப்பட்ட காலத்தில் இருக்கவில்லை. கடந்த இருபது வருடத்தில் இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஓட்டையை அடைக்கப் போனதுதான். உங்கள் வேளாண்மைத் தலைப்பும் இங்கேதான் வந்து சேர்கிறது.

1994இல் மெண்டல்சன், நார்ட்ஹாஸ், ஷா மூவரும் ஒரு வழி காட்டினார்கள். வெப்பமான பகுதி நிலத்தின் விலையையும் குளிர்ந்த பகுதி நிலத்தின் விலையையும் ஒப்பிட்டால், விவசாயிகள் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்ட பிறகு மிஞ்சும் பாதிப்பு தெரியும் என்பது வாதம். அழகான யோசனை. ஆனால் இரண்டு பகுதிகளுக்கு இடையே வெப்பநிலை மட்டுமா வேறுபடுகிறது? மண், பாசனம், சந்தையின் தூரம் எல்லாமே வேறு. அதனால் 2007இல் டெஷென், கிரீன்ஸ்டோன் இருவரும் ஒரே மாவட்டத்தை அதனோடே ஒப்பிட்டார்கள்: வழக்கத்தைவிட வெப்பமான வருடத்தில் லாபம் என்ன ஆகிறது? காலநிலை மாற்றத்தால் அமெரிக்க விவசாய லாபம் வருடத்துக்கு சுமார் 130 கோடி டாலர், அதாவது 4%, கூடும் என்று விடை வந்தது.

2012இல் ஃபிஷர், ஹேன்மன், ராபர்ட்ஸ், ஷ்லெங்கர் நால்வரும் அந்தக் கட்டுரையின் தரவுக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். வானிலைத் தரவில் பிழைகள். மூல ஆசிரியர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். திருத்திய கணக்கில் லாபம் நஷ்டமாக மாறியது. இரு தரப்பும் அதே இதழில் எழுதிய குறிப்பும் மறுமொழியும், இந்தத் துறைக்குள் வருகிற எவரும் முதல் மாதத்திலேயே படிக்க வேண்டியவை. எந்தப் பாடநூலும் சொல்லித்தராத ஒரு விஷயம் அவற்றில் இருக்கிறது: முடிவின் திசையே ஒரு கோப்பில் இருக்கும் சில பூஜ்ஜியங்களால் மாறிவிடலாம்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதுவரை வெளியேறிய உமிழ்வின் விளைவாகவே அடுத்த 26 ஆண்டுகளுக்குள் உலக வருமானம், காலநிலை மாற்றம் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 19% குறையும் என்றது. மத்திய வங்கிகள் பயன்படுத்தும் கணிப்புகளுக்குள்ளும் அது புகுந்தது. பிறகு வேறு சிலர் ஆராய்ந்தபோது, உஸ்பெகிஸ்தான் என்ற ஒரே ஒரு நாட்டின் தரவில் இருந்த கோளாறு மொத்த விடையையும் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது தெரிந்தது. 2025 டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காலநிலை மாற்றம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படித் திரிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன். ஒரு எண்ணைக் கிளப்பிவிடுவது எளிது, அதைச் சரிபார்ப்பதற்கு ஆள் போதவில்லை என்பதுதான் பொருள். அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

சரி, வேளாண்மைக்கு வருவோம். 2009இல் ஷ்லெங்கரும் ராபர்ட்ஸும் அமெரிக்க விளைச்சலை நாள் முழுவதும் பயிர் எந்தெந்த வெப்பநிலையில் எத்தனை நேரம் இருந்தது என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். மக்காச்சோளம் 29 டிகிரி வரை வெப்பத்தை விரும்புகிறது. அதைத் தாண்டினால் விளைச்சல் செங்குத்தாகச் சரிகிறது. சோயாவுக்கு 30, பருத்திக்கு 32. பருவத்தின் சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 25இலேயே நிற்கும் ஒரு நாளும், 15க்கும் 35க்கும் இடையே ஊசலாடும் ஒரு நாளும் சராசரியில் ஒன்றுதான், பயிருக்கு ஒன்றல்ல.

இதற்கு மேல் எழும் கேள்விதான் எனக்குச் சுவையானது. விவசாயி சும்மா இருப்பாரா? விதையை மாற்றுவார், விதைக்கும் நாளை மாற்றுவார், பயிரையே மாற்றுவார். ஒரு வருட வானிலைக்கு அவர் காட்டும் எதிர்வினையை வைத்து ஐம்பது வருடக் காலநிலைக்கு என்ன செய்வார் என்று எப்படிச் சொல்வது? இதற்குக் கிடைத்திருக்கும் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் கடும் வெப்ப நாட்களில் நேரும் மரணங்கள் 1960க்குப் பிறகு 70%க்கு மேல் குறைந்திருக்கின்றன. வீட்டு ஏசியின் பரவல்தான் முக்கியக் காரணம் என்று ஓர் ஆய்வு காட்டியது. அதே நாட்டில் மக்காச்சோளத்தில், பல பத்தாண்டு மாற்றங்களை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வுக்கு அப்படிப் பழகிக்கொண்டதற்கான தடயம் அதிகம் கிடைக்கவில்லை. ஏன்? ஒரு காரணத்தை 2015இல் அன்னனும் ஷ்லெங்கரும் எடுத்து வைத்தார்கள்: அரசு மானியத்தோடு கிடைக்கும் பயிர்க் காப்பீடு. காப்பீடு செய்த பயிர்கள் கடும் வெப்பத்துக்கு அதிகம் அடிபடுகின்றன. நஷ்டத்தை வேறொருவர் ஏற்றுக்கொள்வதால் மாற்றிக்கொள்ளும் அவசரம் இல்லை. பாருங்கள், இந்த இடத்தில் காலநிலையும் கொள்கையும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. நீங்கள் கேட்ட இரண்டு துறைகளையும் ஒட்டவைக்கத் தனியாகப் பசை தேட வேண்டியதில்லை.

கொள்கைப் பக்கத்துக்கு வரும்போது எல்லாரும் ஆர்தர் பிகூவிலிருந்து தொடங்குவார்கள். மாசுபடுத்துகிறவர் பிறர் தலையில் கட்டும் செலவை வரியாக அவரிடமே வாங்கு என்று 1920லேயே சொன்னார். வரியா, உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து அனுமதிச் சீட்டுகளை விற்க விடுவதா என்பதை 1974இல் மார்ட்டின் வெய்ட்ஸ்மன் அலசினார். அந்தக் கோட்பாடு தெரியாமல் நேர்காணலுக்குப் போகாதீர்கள். ஆனால் “கார்பன் வரி நல்லதா” என்று ஆய்வு செய்யப் புறப்படவும் வேண்டாம். அந்தக் கேள்வியில் ஈரம் வற்றிவிட்டது. ஈரம் இருப்பது கோட்பாடு நடைமுறையில் எங்கே ஒழுகுகிறது என்பதில்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வுச் சந்தை 2005இல் தொடங்கியது. 2006 ஏப்ரலில் உண்மையான உமிழ்வுக் கணக்கு வெளிவந்தபோது, கொடுத்திருந்த சீட்டுகள் தேவையைவிட அதிகம் என்று தெரிந்து விலை சில நாட்களில் பாதியானது. மிஞ்சிய சீட்டுகளை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக விதி அனுமதிக்கவில்லை. விளைவு, 2007 இறுதியில் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அதே சந்தையில் 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தொட்டது. இடையில் மாறியவற்றில் பெரிதும் இதுபோன்ற விதிகள்தான்: மிகுதியை உறிஞ்சும் இருப்பு, சேமித்துவைக்கும் உரிமை, இலவசச் சீட்டின் பங்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுப்பூட்டும் இந்த நுணுக்கங்களில்தான் கோடிகள் கை மாறுகின்றன, நல்ல ஆய்வுகளும் பிறக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு குஜராத்திலிருந்து வருவது. அங்கே தொழிற்சாலைகளின் மாசை அளக்கத் தனியார் தணிக்கையாளர்கள் உண்டு. அப்போது அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் சம்பளம் தந்ததும் அந்தந்தத் தொழிற்சாலையே. அவர்கள் எழுதிய அளவுகள் எல்லாம் சட்ட வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து கும்பலாக உட்கார்ந்திருந்தன. டூஃப்லோ, கிரீன்ஸ்டோன், பாண்டே, ரயன் நால்வரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதித் தொழிற்சாலைகளுக்குத் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள், அளவுகளில் சிலவற்றை மறுபடி அளந்து சரிபார்த்தார்கள். வரம்புக்குள் இருப்பதாகப் பொய்யாக எழுதுவது 80% குறைந்தது. தொழிற்சாலைகளின் மாசும் குறைந்தது. 2013இல் இது வெளிவந்தது. அளவே பொய்யாக இருக்கும் ஊரில் எந்த வரியைப் போட்டு என்ன பயன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை நான் பார்த்ததில்லை. பின்னர் சூரத்தில் தொழிற்சாலைத் துகள் மாசுக்கே ஒரு சந்தை அமைத்துப் பார்த்தபோது, தொடர்ந்து அளக்கும் கருவிகளை முதலில் பொருத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். உமிழ்வு 20 முதல் 30% குறைந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு பாடம். வீட்டுச் சுவர், கூரை, வெப்பமூட்டும் உலைகளைச் சீர்செய்து எரிபொருளை மிச்சப்படுத்தும் அரசுத் திட்டத்தை சுமார் 30,000 குடும்பங்களை வைத்து ஆராய்ந்தார்கள். பொறியாளர்களின் கணிப்பு, உண்மையில் கிடைத்த மிச்சத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இன்னொரு வேடிக்கை: குடும்பங்களுக்கு எல்லாம் இலவசம், வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் பார்த்தார்கள், அப்படியும் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. பணம் மட்டும் தடையில்லை என்றால் வேறு எது தடை? உமிழ்வைக் குறைக்க ஆகும் செலவுகளைப் பட்டியலிடும் அறிக்கைகளில் இந்தத் தொல்லைக்கு ஒரு பத்தி இருக்குமா என்று தேடிப் பாருங்கள்.

அரசியலையும் விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2012இல் வந்த கார்பன் விலை 2014இல் நீக்கப்பட்டது. பிரான்சில் எரிபொருள் வரி உயர்வு 2018இல் தெருப் போராட்டத்தில் முடிந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் கொண்டுவந்த கார்பன் வரி, வசூலான பணத்தை வேறு வரிகளைக் குறைத்துத் திருப்பித் தந்ததால் பாடநூல் முன்மாதிரியாகவே பேசப்பட்டது. அங்கேயும் நுகர்வோர் செலுத்தும் பகுதி 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. 1991இல் தொடங்கிய ஸ்வீடன் வரியோ இன்றும் நிற்கிறது. பணத்தைத் திருப்பித் தந்தும் ஏன் ஆதரவு நிலைக்கவில்லை என்பது திறந்து கிடக்கும் கேள்வி.

கணிதத்துக்கு வருகிறேன். நீங்கள் பயப்படும் அளவுக்கு வேண்டாம், நினைக்காத இடத்தில் கூடுதலாக வேண்டும். காலமும் இடமும் சேர்ந்த பலகைத் தரவைக் கையாளும் பொருளாதார அளவையியல் உறுதியாக வேண்டும். வெயில் ஒரு மாவட்ட எல்லையோடு நின்றுவிடாது. பக்கத்து மாவட்டமும் அதே வருடம் அதே வெயிலில் காய்ந்திருக்கும். அவற்றைத் தனித்தனி ஆதாரமாக எண்ணினால் உங்கள் முடிவு இல்லாத உறுதியைக் காட்டும். இடம் சார்ந்த தொடர்பைத் திட்டப்பிழையில் (கணிப்பு எவ்வளவு தடுமாறும் என்று சொல்லும் அளவில்) கணக்கிடப் பழகுங்கள். மாதிரிகள் கட்டுவதாக இருந்தால் மட்டும் இயங்கு நிரலாக்கம் (காலப்போக்கில் எடுக்கும் முடிவுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் கணித முறை) தனியாகப் படியுங்கள். ஆர் அல்லது பைத்தான், இந்த இரண்டு கணினி மொழிகளில் ஒன்று நன்றாக வர வேண்டும்.

வானிலைத் தரவுக்கு, ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தரும் ஈ.ஆர்.ஏ.5 தொகுப்பு இலவசம்: 1940 முதல், மணிக்கு மணி, கால் டிகிரிக் கட்டங்களாக உலகம் முழுவதற்கும். அதில் நிறையப் பேர் சறுக்கும் ஓர் இடம் உண்டு, நானும் சறுக்கியிருக்கிறேன். கட்டங்களை முதலில் மாவட்டச் சராசரியாக்கிவிட்டுப் பிறகு “29க்கு மேல் எத்தனை மணி நேரம்” என்று எண்ணக் கூடாது. சராசரியாக்கும்போதே உச்சங்கள் மழுங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிவிட்டு, அப்புறம் பயிர்ப் பரப்பால் எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஒரு முழுப் பருவத்தை நான் வீணாக்கினேன். இன்னொன்று, வானிலை நிலையங்கள் குறைவாக உள்ள பகுதிகளில் இந்தத் தொகுப்பு பெரிதும் இயற்பியல் மாதிரியின் ஊகமே. காலநிலையால் அதிகம் அடிபடும் ஏழை நாடுகள் பலவற்றில் நிலையங்கள்தான் குறைவு.

ஆக, உங்கள் தலைப்பை இப்படி மாற்றிப் பாருங்கள்: “பயிர்க் காப்பீட்டு விதி மாறிய பிறகு, அந்த மாற்றத்துக்கு உட்பட்ட பகுதிகளில் விவசாயிகள் வெப்பம் தாங்கும் ரகங்களுக்கு மாறுவது குறைந்ததா?” இதில் ஒரு நிகழ்வு இருக்கிறது, ஒப்பிட ஒரு மறுபக்கம் இருக்கிறது, குறையவில்லை என்று விடை வந்தாலும் எழுத விஷயம் இருக்கிறது. விதி எந்த நாட்டில், எந்த வருடம் மாறியது, ரகவாரியாகத் தரவு எங்கே கிடைக்கும் என்று தேடும் வேலை உங்களுடையது. தரவு இல்லையென்றால் கேள்வியைக் கைவிடத் தயங்காதீர்கள். இரண்டாவது வருடத்தில் கைவிடுவதைவிட இரண்டாவது மாதத்தில் கைவிடுவது மலிவு.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். முன்பு சொன்ன 2007 கட்டுரையையும் 2012 குறிப்பையும் மறுமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவற்றின் முக்கிய அட்டவணையை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். ஆறு வாரம் ஆகலாம். வழிகாட்டியாக ஒருவரைத் தேடிப் போகும்போது ஆய்வு முன்மொழிவோடு அந்த அட்டவணையையும், அதில் உங்களுக்குப் பொருந்தாமல் போன இடங்களின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். பொருந்தாத இடங்களைப் பற்றித்தான் அவர் முதலில் கேட்பார்.